ஹாஸ்டல் அறையின் மருந்து டப்பா

நான் படித்த காலத்தில் எங்கள் ஹாஸ்டல் அறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. பிஸ்கட் தீர்ந்த பிறகு அதில் மாத்திரைகள் குடியேறின. பாராசிட்டமால் அட்டை ஒன்று. இரண்டு மாத்திரை கிழித்தெடுத்துவிட்டு மீதி வைத்திருந்த, அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அட்டை ஒன்று. கேஸுக்குப் பான்டோபிரசோல், அலர்ஜிக்குச் செட்டிரிசின், வயிற்றுப்போக்குக்கு ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை, பாதி பிதுக்கிய ஸ்டீராய்டு களிம்பு. சில அட்டைகளில் அவை மருத்துவருக்கான மாதிரி, விற்பனைக்கல்ல என்று அச்சிட்டிருக்கும். போஸ்டிங்கில் இருந்த சீனியர் யாராவது கொடுத்ததாக இருக்கும். அறையில் இருந்த நான்கு பேருக்கும், பக்கத்து அறைக்காரர்களுக்கும் அதுதான் மருந்துக்கடை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் திறப்பது அந்த டப்பாவைத்தான்.

இப்போது நான் மருந்தியல் பாடம் நடத்துகிறேன். "கடந்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் காட்டாமல் மாத்திரை போட்டவர்கள் யார்?" என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலான கைகள் உயர்கின்றன. மருத்துவம் மட்டுமல்ல, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி வகுப்புகளிலும் இதேதான். உலகின் பல நாடுகளில் சுகாதாரப் படிப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளும், சுயமருத்துவம் அவர்களிடையே மிகச் சாதாரணம் என்றே சொல்கின்றன. அவர்கள் சொல்லும் காரணங்களும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: சின்ன உபாதைதானே, முன்பும் இதே மாத்திரை கேட்டதே, ஓ.பி. எனும் புறநோயாளிப் பிரிவில் நிற்க நேரமில்லையே.

தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொள்ள யாரும் மருத்துவரிடம் மருந்துச் சீட்டு வாங்கப் போக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சுயமருத்துவத்தை முற்றிலும் தவறு என்று சொல்லவில்லை. 1998-இல் மருந்தாளுநரின் பங்கு பற்றி அது வெளியிட்ட ஆவணம், பொறுப்பான சுயமருத்துவம் என்றால் என்ன என்பதை வரையறுக்கிறது: சீட்டு இல்லாமல் வாங்க அனுமதிக்கப்பட்ட, சொன்னபடி பயன்படுத்தினால் பாதுகாப்பானதும் பலன் தருவதுமான மருந்தைக் கொண்டு, தானே அடையாளம் காணக்கூடிய உபாதையைத் தானே கவனித்துக்கொள்வது. எவ்வளவு நாள் போடலாம், எதனோடு சேர்க்கக் கூடாது, எப்போது நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்ற தகவலும் கையில் இருக்க வேண்டும்.

இந்த வரையறையை நம் ஊருக்குக் கொண்டுவரும்போதே ஒரு சிக்கல் வருகிறது. சீட்டு இல்லாமல் எதையெல்லாம் விற்கலாம் என்று சொல்லும் தனிப் பட்டியல் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் எதை எப்படி விற்கக் கூடாது என்றுதான் பட்டியலிடுகின்றன. எச் பட்டியலில் இருக்கும் மருந்தைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே சில்லறையில் விற்கலாம். 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் 46 மருந்துகள் இடம்பெற்றன. மூன்றாம், நான்காம் தலைமுறை ஆன்டிபயாடிக்குகளும், காசநோய் மருந்துகளும், அல்பிரசோலம், டிரமடால் போன்று பழக்கத்துக்கு ஆளாக்குபவையும் அதில் உண்டு. இவற்றின் அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். கடைக்காரர் வாங்குபவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ் பட்டியல் இன்னும் கடுமையானது.

எங்கள் பிஸ்கட் டப்பாவில் பாராசிட்டமாலை எடுத்துவிட்டால் மீதியில் பெரும்பகுதி சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய சரக்கு. அந்த எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. மருந்துகளைப் பற்றிப் படிக்கிறவர்கள், அதனால் அவை எங்களுக்கு உரியவை என்று நினைத்தோம். சட்டப்படி பார்த்தால் இன்டர்ன்ஷிப் முடித்துப் பதிவு செய்யும்வரை மருத்துவ மாணவரும் சீட்டு எழுதும் உரிமை இல்லாதவர்தான்.

இந்த உரிமை எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் பாடத்திட்டத்தின் வரிசையில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர் மருந்தியலை இரண்டாம் ஆண்டிலேயே முழுமையாகப் படித்துத் தேர்வு எழுதிவிடுகிறார். எந்த மருந்து எந்தப் பாக்டீரியாவைக் கொல்லும், உடல் செல்லின் எந்த ஏற்பியில் போய் ஒட்டும் என்பதெல்லாம் அப்போதே மனப்பாடம். ஆனால் ஒரு காய்ச்சலைப் பார்த்து, இது டெங்குவா டைஃபாய்டா எலிக்காய்ச்சலா என்று பிரித்தறியும் பழக்கம் வார்டில் பல வருடம் நின்ற பிறகுதான் வரும். ஆக, நோயை அறியும் முன்பே மருந்தை அறிந்துவிடுகிறோம். பி.பார்ம். மாணவருக்கு மருந்து இன்னும் நெருக்கம், நோயாளி இன்னும் தூரம். நர்சிங் மாணவி தினமும் தன் கையால் மருந்து எடுத்துக் கொடுக்கிறார். எந்த வார்டில் எதற்கு எது எழுதுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் அது ஏன் அந்த நோயாளிக்கு எழுதப்பட்டது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏன் எழுதப்படவில்லை என்ற விவாதம் பெரும்பாலும் அவர் காதுக்கு வராமலே நடந்து முடிந்துவிடுகிறது.

மருத்துவம் நடக்க நான்கு வேலை நடக்க வேண்டும். ஒருவர் நோயைச் சொல்ல வேண்டும், ஒருவர் அதை ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும், ஒருவர் மருந்தைச் சரிபார்த்துத் தர வேண்டும், ஒருவர் கூட இருந்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சுயமருத்துவத்தில் இந்த நான்கையும் ஒரே ஆள் செய்கிறார், அதுவும் 102 டிகிரி காய்ச்சலோடு. நான்கில் ஒன்றுக்குப் பயிற்சி இருப்பதால் நான்கையும் செய்துவிட முடியும் என்று நம்புவதில்தான் சுகாதாரப் படிப்பு மாணவருக்கே உரிய ஆபத்து இருக்கிறது. பாமர மனிதருக்கு இருக்கும் பயம் நமக்கு இருப்பதில்லை.

டப்பாவில் இருந்தவற்றில் பாராசிட்டமாலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். யாரும் பயப்படாத மாத்திரை அது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்சவரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் அதற்கும் குறைவாகவே கொடுக்க வேண்டும். மெஸ் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்திருக்கும் 45 கிலோ மாணவிக்கு இது பொருந்தும். வரம்பைத் தாண்டுவது எப்படி என்றால், யாரும் ஒரே அட்டையில் இருந்து பத்து மாத்திரை எடுத்துப் போடுவதில்லை. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் நான்கு வேளை, அது 2600. உடம்புவலிக்கு அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை இரண்டு, ஒவ்வொன்றிலும் 325 பாராசிட்டமால், அது 650. மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை மூன்று, அதிலும் 500 வீதம், அது 1500. கூட்டினால் 4750. மூன்று அட்டைகளின் முன்பக்கத்தில் மூன்று வேறு பெயர்கள். உள்ளே பாராசிட்டமால் இருப்பது பின்பக்கப் பொடி எழுத்தில். ஈரலில் குளுட்டதயோன் என்ற காப்புப்பொருள் இருக்கும்வரை பாராசிட்டமாலிலிருந்து உண்டாகும் நச்சுப்பொருள் அடங்கிக் கிடக்கும், அது தீர்ந்ததும் ஈரல் செல்களைத் தாக்கும் என்று தேர்வில் எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கிய மாணவரே அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் விழுங்குவதைக் கண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் காய்ச்சலை டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும். டெங்குவில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகிய வலிமாத்திரைகள் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும்தான். அப்புறம், டெங்குவில் அபாயமான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். தானே மாத்திரை போட்டவருக்கோ காய்ச்சல் விட்டதும் "மருந்து கேட்டுவிட்டது" என்ற நிம்மதி. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்கவே முடியாத சோர்வு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த நிம்மதியை நம்பக் கூடாது.

ஆன்டிபயாடிக்குக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனம் பதறுகிறது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரை ஆற்றும்போது ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டைவலி வருகிறது. அவரே பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமியைக் கொல்லும் அளவுக்கு அல்ல, மருந்தைத் தாங்க அதற்குப் பழக்கிவிடும் அளவுக்கு. அந்தக் கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. மனைவிக்குப் பெனிசிலின் கொடுக்கிறார்கள், வேலை செய்யவில்லை. அவர் இறந்துபோகிறார். சாவுக்கு யார் பொறுப்பு என்று ஃபிளெமிங் கேட்டார். மருந்து பயன்பாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அதைக் கண்டுபிடித்தவரே சொன்ன எச்சரிக்கை அது. உலகம் முழுவதும் 2019-இல் மட்டும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது.

எங்கள் டப்பாவில் இருந்த அந்த அசித்ரோமைசின் அட்டையை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் தொண்டைவலிக்கு இரண்டு மாத்திரை போட்டார், சரியாகிவிட்டது, மீதியை டப்பாவில் போட்டார். தொண்டைவலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, எதுவும் போடாவிட்டாலும் சில நாளில் தானே சரியாகும். ஆனால் அவர் மனதில் பதிந்தது, "அசித்ரோ போட்டேன், இரண்டே நாளில் சரியானது" என்பது. அடுத்த முறை அறைத்தோழருக்கும் அதையே சிபாரிசு செய்வார். இப்படித்தான் ஒரு தவறான அனுபவம் மருத்துவ அறிவின் தோற்றத்தோடு ஹாஸ்டல் முழுக்கப் பரவுகிறது. வெளியில் ஒருவர் சொன்னால் சந்தேகப்படுவோம், நான்காம் வருட சீனியர் சொன்னால் கேள்வியே இல்லை.

வயிற்றுப்போக்கும் அப்படியே. மெஸ் சாப்பாட்டால் ஒரு நாள் நான்கைந்து முறை போனால் தேவை ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். ஒரு பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்து மருந்துபோல் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், ஆனால் அந்த நிலைமைக்கு டப்பா உதவாது, மருத்துவர்தான் உதவுவார்.

மறைப்பு என்று ஒரு விளைவு இருக்கிறது, அதை மாணவர்கள் போதிய அளவு உணர்வதில்லை. டைஃபாய்டு காய்ச்சலில் இரண்டு நாள் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு வந்தால் ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி வளராமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. நோய் உள்ளே இருக்கும், ரிப்போர்ட் சுத்தமாக வரும். இருமலுக்கு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் போடுவது இதைவிட மோசம். அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். பத்து நாள் நன்றாக இருப்பது போல் தெரியும், பிறகு திரும்பும், கண்டுபிடிக்க மாதக்கணக்கில் தாமதமாகும். அதற்குள் கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருக்கவும் கூடும்.

இதை வெறும் கற்பனையாகத் தள்ளிவிட முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நர்சிங் மாணவர்களிடம் 2007-08-இல் நடந்த ஒரு ஆய்வில், ஆண்டுக்கு 7.8 சதவீதம் பேருக்குப் புதிதாகக் காசநோய்த் தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அப்போதைய தேசிய சராசரி 1.5 சதவீதம். தொற்று என்றால் உடனே நோய் என்று பொருளில்லை, பெரும்பாலோருக்கு அது வெளிப்படாமலே இருக்கும். ஆனாலும் வார்டில் நிற்கும் மாணவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எடுக்க வேண்டியது சளிப் பரிசோதனை, மாத்திரை அல்ல.

2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனைச் சமாளிக்க ஒரு வழித்தடம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது வற்புறுத்தியது. அதே நேரத்தில், குறையே இல்லாத கொள்கைக்காகக் காத்திருக்காமல் நடைமுறையில் செய்ய முடிந்ததைத் தொடங்கலாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. எனக்கு அந்த அணுகுமுறை பிடிக்கும். மாணவர்களிடமும் "எந்த மாத்திரையும் போடாதே" என்று சொல்வது வீண். யாரும் கேட்கப் போவதில்லை. "ஆன்டிபயாடிக்கை மட்டும் நீயாகத் தொடாதே" என்பது கேட்கக்கூடிய பேச்சு.

களிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெட்கத்தால் யாரும் பேசுவதில்லை. ஈரத் துணி, இறுக்கமான ஜீன்ஸ், ஒருவர் துண்டை இன்னொருவர் எடுப்பது எல்லாம் சேர்ந்து ஹாஸ்டலில் தொடை இடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். கடையில் கிடைக்கும் கலப்புக் களிம்பில் பூஞ்சை மருந்தோடு குளோபிட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். தடவிய இரண்டு நாளில் அரிப்பு போகும், சிவப்பு மங்கும். அடக்கப்பட்டது உடலின் எதிர்ப்புதான், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் இரட்டிப்பாக வரும், மறுபடி தடவுவார்கள். படர்தாமரை வட்டத்தின் விளிம்பு கலைந்துபோய், தோல் மருத்துவரே அடையாளம் காணத் திணறும் தோற்றத்துக்கு வந்துவிடும். தொடையில் நிரந்தரக் கோடுகள் விழும். 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது இந்தச் சீரழிவைப் பார்த்துத்தான். 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று ஒரு பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினஃபைனுக்கு அடங்காத வகைகள் அதில் நிறைய. நம் நாட்டின் பெயரையே அது சுமக்கிறது.

கேஸ் மாத்திரை பற்றி அதிகம் இல்லை. பான்டோபிரசோலை வலிமாத்திரையோடு சில நாள் போடுவதில் குற்றமில்லை. மாதக்கணக்கில் காலையில் காபிக்கு முன் ஒன்று என்று பழகிவிட்டால் நிறுத்தும்போது அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், அதனால் நிறுத்தவே முடியாது என்று தோன்றும். மெக்னீசியமும் பி12-உம் குறையலாம்.

மாதவிடாய் வலிக்கு மாணவிகள் போடும் மெஃபனமிக் அமிலம் பற்றி 2023 நவம்பரில் இந்திய மருந்துத்தர ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாக, மருந்து தொடங்கிச் சில வாரங்களுக்குள் காய்ச்சல், தோல் தடிப்பு, நிணநீர்க்கட்டி வீக்கத்தோடு உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் ஒவ்வாமை வரலாம் என்றது. வாட்ஸ்அப்பில் அது, மருந்தின் வணிகப்பெயரால், "மெஃப்டால் விஷம்" என்று பரவியதும் நினைவிருக்கும். விஷமல்ல. சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று நாள் போடும் பலருக்கு அது நிம்மதியாகப் படிக்கவும் தூங்கவும் உதவும் மருந்து. தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போய், மாத்திரையின் எண்ணிக்கையும் கூடினால், "பெண்ணென்றால் வலி இருக்கும்தான்" என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பல பெண்களிடம் வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போவது இந்தச் சகிப்பால்தான்.

அவசரக் கருத்தடை மாத்திரையை ஒளிவுமறைவில்லாமல் பேசுவோம். லீவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். 2005 முதல் நம் நாட்டில் இதைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஏராளமான மருந்துக்கடைகளில் இதை வைப்பதே இல்லை, கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதும் உண்டு. சட்டம் அனுமதிக்கும் பாதுகாப்பான சுயமருத்துவம் ஒன்றுக்குக் கதவை மூடிவிட்டு, சட்டம் தடுக்கும் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுக்கும் நிலை எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது.

தேர்வு சமயத்து மாத்திரைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றிப் பேசும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த வலி உண்மையானது. வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு முன் கை நடுங்காமல் இருக்கப் புரொப்ரனலால். ஆஸ்துமா உள்ளவருக்கு அதுவே மூச்சை அடைக்கும், சின்ன வயதில் வந்து மறந்துபோன வீசிங்கும் கணக்கில் உண்டு. தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம். சில வாரம் தொடர்ந்தாலே அது இல்லாமல் தூங்க முடியாத நிலை வரும், திடீரென நிறுத்தினால் பதற்றமும் சிலருக்கு வலிப்பும் வரும், மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். விழித்திருக்க மொடாஃபினில். இவற்றைக் கேட்டு வரும் மாணவரிடம் பார்மகாலஜி பேசிப் பயனில்லை. எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எத்தனை பேப்பர் நிற்கிறது, வீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு உட்கார வைக்க வேண்டும். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

இவ்வளவு படித்தவர்கள், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருப்பவர்கள், ஏன் மருத்துவரிடம் போவதில்லை? இந்தக் கேள்விக்கு மாணவர்களைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. ஓ.பி. நேரமும் வகுப்பு நேரமும் ஒன்று. போனால் அட்டெண்டன்ஸ் போகும். சிகிச்சை தருபவரே நாளை வைவாவில் எதிரில் உட்காரப் போகும் பேராசிரியர். தோல் பிரச்சினையையோ மனச்சோர்வையோ பால்வினை நோய்ச் சந்தேகத்தையோ அவரிடம் எப்படிச் சொல்வது? ஓ.பி. சீட்டில் எழுதியதை வார்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் டப்பாதான் ரகசியம் காக்கிறது.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஊசி குத்தல் ஓர் உதாரணம். ரத்தம் எடுக்கும்போது பயன்படுத்திய ஊசி மாணவர் விரலில் குத்திவிடுகிறது. சொன்னால் "கவனமில்லையா?" என்று திட்டு விழும் என்று மறைத்துவிட்டு, கையைக் கழுவி, மீதி இருந்த ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்கிறார். அந்த மாத்திரை எச்.ஐ.வி.யையோ ஹெபடைட்டிஸ் பி-யையோ தடுக்காது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். திட்டுக்குப் பயந்து அந்த 72 மணி நேரம் கைநழுவிப் போனால் பொறுப்பு மாணவருடையது மட்டும் இல்லை.

கல்லூரிகள் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. மாலை ஐந்து மணிக்கு மேல், மாணவர்களுக்குத் தேர்வு நடத்தாத ஒரு மருத்துவர், தனிப் பதிவேட்டோடு உட்காரும் ஓர் அறை போதும். அட்டெண்டன்ஸ் போகாது என்று எழுத்தில் ஓர் உறுதி வேண்டும். அப்புறம், இரண்டாம் ஆண்டு மருந்தியல் வகுப்பிலேயே மாணவர் தன் சொந்த மாத்திரைப் பழக்கத்தைப் பாடமாக எடுத்துப் பேச ஒரு மணி நேரம் வேண்டும். என் வகுப்பில் அவரவர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்கிறேன். ஒவ்வொரு அட்டையிலும் மருந்தின் மூலப்பெயர், காலாவதித் தேதி, எந்தப் பட்டியல், யாருக்காக எப்போது வாங்கியது என்று எழுதச் சொல்கிறேன். யாருக்கு வாங்கியது என்றே தெரியாத அட்டைகள் மேஜையில் குவியும். வகுப்பு முடிவதற்குள் டப்பா பாதியாகிவிடும், யாரும் சொல்லாமலே.

மிஞ்சியதற்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுத் தருகிறேன். முதல் மாத்திரையைப் பிரிக்கும் முன்பே அட்டையின் பின்னால் மார்க்கரில் இரண்டு தேதி எழுத வேண்டும்: இன்றைய தேதி, நிறுத்தும் தேதி. காய்ச்சலுக்கு இரண்டு நாள், வலிக்கு மூன்று நாள். அந்தத் தேதிக்குள் சரியாகாவிட்டால் அடுத்த மாத்திரைக்குப் போகாமல் மருத்துவரிடம் போவது. தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவு அது, காய்ச்சலில் கிடக்கும்போது புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. அறையில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிட வேண்டும், என்ன போட்டிருக்கிறேன் என்று. கூட இருந்து பார்க்கும் வேலையையாவது இன்னொருவர் செய்யட்டும்.

இன்னொரு கிளை இருக்கிறது. மருத்துவம், நர்சிங், பார்மசி எதில் சேர்ந்தாலும் அந்த மாதமே வீட்டிலிருந்து போன் வரத் தொடங்கும். "தம்பி, பெரியம்மாவுக்கு மூணு நாளா முட்டி வலி, என்ன மாத்திரை வாங்கலாம்?" முதல் வருடம் உடற்கூறியல் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் எவ்வளவு பெருமை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் வந்தது. டைக்ளோஃபெனாக் பெயரைச் சொன்னேன். பெரியம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தது, சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை, மருந்தை நிறுத்தியதும் மீண்டார். என்னை யாரும் குறை சொல்லவில்லை. "நம்ம பையன்தானே சொன்னான்" என்றுதான் பெரியம்மா கடைசிவரை சொன்னார்.

இப்போது என் மாணவர்களிடம் அந்தப் போன் வந்தால் பேச வேண்டியதை வகுப்பிலேயே ஒருமுறை சத்தமாகப் பேசிப் பார்க்கச் சொல்கிறேன். வாய் பழகினால்தான் அந்த நேரத்தில் வரும். "பெரியம்மா, வேற என்ன மாத்திரை போடுறீங்க? சர்க்கரை, பிரஷர் இருக்கா? கால் வீங்குதா, யூரின் கம்மியா போகுதா? சரி, நான் மாத்திரை சொல்லலை. நாளைக்குக் காலைல அண்ணனைக் கூட்டிக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. பழைய சீட்டெல்லாம் மறக்காம எடுத்துக்கோங்க. பார்த்துட்டு வந்து எனக்குப் போன் பண்ணுங்க."